பதினைந்து சிவப்பு நாள்

கடிதம் வந்தது மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். வியாழன் என்றால் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மீன் உருண்டை, வெள்ளைக் குழம்பு, அவித்த கரட். பல்லில்லாத பதினொரு பேருக்கு அதையே அரைத்து, மீன் வடிவ அச்சில் வார்த்துக் கொடுக்க வேண்டும். மீனை அரைத்து மறுபடி மீனாக்குகிற இந்த வேலையைப் புளோறன்ஸ் பதினாறு வருடமாகச் செய்துவருகிறாள். மன்னாரில் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அச்சு மீனைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். சிரிக்க மாட்டாள். சாப்பிடுகிறவர்கள் பாவம்.

இரண்டரைக்கு வேலை முடிந்தது. முதல்நாள் உருகிய பனி இரவோடு இரவாக உறைந்து வழுக்கிக்கொண்டு கிடந்தது. தூவியிருந்த சரளைக்கல்லைத் தேடித் தேடிக் காலை வைத்து அவள் ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியில் இருந்த தங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது, மகள் சோஃபி குசினிக் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு இருக்கிற நாளில் அந்த நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்கமாட்டாள். அறைக்குள்ளே தடித்த திரைக்குப் பின்னால் கணவர் பிலேந்திரன் படுத்திருந்தார்.

“அம்மா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து இருங்கோ. மெல்லக் கதையுங்கோ.”

“என்ன பிள்ளை?”

“அப்பான்ரை கடிதம் வந்திட்டுது. அவ்ஸ்லாக்.”

அவ்ஸ்லாக் என்றால் மறுப்பு. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த தமிழருக்கு நோர்வேஜிய மொழியில் முதலில் தெரிந்த பத்துச் சொற்களுக்குள் அதுவும் ஒன்று. நன்றி என்பதற்கும் தண்ணீர் என்பதற்கும் முன்னாலேயே அதைக் கேட்டவர்கள் உண்டு. புளோறன்ஸ் வந்தது அதற்கெல்லாம் பிந்தி, கலியாணம் கட்டி, கையில் விசாவோடு. ஆனாலும் அந்தச் சொல் அவளுக்கும் தெரியும். கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல் கதிரையில் இருந்துவிட்டாள்.

அவர்கள் கேட்டிருந்தது ஓர் ஊசி. மாதத்துக்கு ஒன்று, தொடையில் தாங்களாகவே போட்டுக்கொள்ளலாம். விலையைக் கேட்டால் புளோறன்ஸின் சம்பளம் வாயைப் பொத்திக்கொள்ளும். அரசாங்கம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பிலேந்திரனின் தலையிடி சாதாரணத் தலையிடி அல்ல. வலது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும். வெளிச்சம், சத்தம், மணம் மூன்றும் எதிரியாகிவிடும். வாந்தி எடுக்கும். நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். பயணிகள் குடித்திருக்கிறார் என்று நினைத்துப் பொலிசைக் கூப்பிட்டார்கள். அன்றோடு பேருந்து போயிற்று.

இந்தத் தலையிடிக்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, தென் லெபனான், நோர்வே இராணுவத்தின் காவல் நிலை ஒன்று. ஆம், எங்கள் மண்டைதீவுப் பிலேந்திரன் நோர்வே இராணுவத்தில் இருந்தவர். பதினாலு வயதில் அண்ணனோடு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் போய், கட்டாயச் சேவை முடித்து, ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு தானாகவே பெயர் கொடுத்துப் போனவர். பிலேந்திரன் என்று கூப்பிட வாய் வராத சகாக்கள் ‘பில்’ என்று சுருக்கினார்கள். நோர்வேஜியத்தில் அதற்கு அம்பு என்று அர்த்தம். அந்தப் பெயரில் அவருக்கு இன்றைக்கும் ஒரு பெருமை இருக்கிறது. காவல் நிலைக்குப் பக்கத்தில் செல் ஒன்று விழுந்து வெடித்ததில் மதிலோடு தூக்கி அடிபட்டார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. கீறல் இல்லாததால் காயம் என்று யாரும் எழுதவும் இல்லை. காயம் என்று எழுதியிருந்தால் மருந்தெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. அந்த வழக்கு ஒரு பக்கத்தால் நாலு வருடமாக எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது.

கோயில் மண்டபத்தில் இதை வைத்துப் பகிடி பண்ணுகிறவர்களுக்குக் குறைவில்லை. “ஊரிலை விழுந்த செல்லுக்குப் பயந்து ஓடிவந்து, லெபனான் செல்லிலை போய் மாட்டின ஒரே ஆள் உவர்தான்” என்பார்கள். பிலேந்திரனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு கிழமை பேசாமல் இருப்பார். நோர்வேஜியர்களுக்கு அவர் போர்வீரர். தமிழர்களுக்கு அவர் போருக்குள் இருந்து தப்பி வந்த பொடியன். இரண்டு பக்கத்திலும் முழுதாக இடம் கிடைக்காத மனிதர்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரி நரம்புப் பிரிவில் பரீட்சார்த்தமாக மூன்று ஊசி கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு மூன்று. அந்த மூன்று மாதமும் வீடு வீடாக இருந்தது. பிலேந்திரன் கிழமையில் மூன்று நாள் பேருந்துத் தரிப்பகத்துக்கு வேலைக்குப் போனார். நத்தாருக்கு வீட்டிலேயே பலகாரம் சுட்டார்கள். எண்ணெய் மணத்துக்கு நடுவில் அவர் நின்று முறுக்குப் பிழிந்தார். புளோறன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோசத்தில்தான். தையோடு ஊசி முடிந்தது. மாசி முதல் கிழமையில் வலது கண்ணுக்குப் பின்னால் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

“காரணம் என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள் புளோறன்ஸ்.

சோஃபி திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினாள். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். அரசாங்கத்தின் மொழியை அதற்குள் அடக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. “இந்த ஊசிக்குக் காசு குடுக்கிறதெண்டால், முதல்லை மற்றக் குளிசை மூண்டையும் போட்டுப் பாத்திருக்க வேணுமாம். அது மூண்டும் கேக்கேல்லை எண்டு ஆஸ்பத்திரி ஏட்டிலை, ஜூர்னாலிலை, இருக்க வேணுமாம். அப்பாக்கு ரெண்டு குளிசை கேக்கேல்லை எண்டு இருக்கு. மூண்டாவது...”

அவள் நிறுத்திவிட்டாள்.

“வாசியன்” என்றாள் புளோறன்ஸ்.

“அம்மா, போன வருசம் ஆஸ்பத்திரியிலையிருந்து உங்களோடை ஆரும் கதைச்சவையோ? ஃபோனிலை?”

“ஒரு நேர்ஸ் பிள்ளை எடுக்கிறது. மாசத்துக்கு ஒருக்கால். ஏன்?”

“என்ன கேட்டவ?”

“அப்பாக்கு எப்பிடி எண்டு கேக்கிறது. நல்ல பிள்ளை, அமைதியாக் கதைப்பா. ஏன், என்ன?”

சோஃபி திரையைத் தாய்ப் பக்கம் திருப்பினாள். புளோறன்ஸுக்கு வாசிக்கத் தெரியும். பதினாறு வருடமாக யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்ற பட்டியலை வாசித்துத்தான் சமைக்கிறாள். மகளின் நகத்துக்கு மேலே இருந்த வரியை உதட்டை அசைத்து வாசித்தாள். மூன்றாவது மருந்து நல்ல பலன் தருவதாக நோயாளியின் துணைவியார் மூன்று தடவை தொலைபேசியில் தெரிவித்திருக்கிறார். ஆகவே அதைவிட விலை கூடிய மருந்துக்கான தேவை நிறுவப்படவில்லை.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றாள் புளோறன்ஸ்.

“பின்னை என்ன சொன்னனீங்கள்?”

என்ன சொன்னாள்? பிலேந்திரனின் தொலைபேசி அடித்தாலே தலை பிளக்கும் என்று அவள்தான் தன் இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். அழைப்பு எப்போதும் பத்தரைக்கு வரும். காலைக் கஞ்சிப் பாத்திரங்கள் கழுவும் இயந்திரத்துக்குள்ளிருந்து ஆவி பறக்க வெளியே வருகிற நேரம். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பதில் சொல்வாள். பக்கத்தில் மேற்பார்வையாளர் தட்டு எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தப் பிள்ளை, மருந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முதல்நாள் முழுக்கப் பிலேந்திரன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவர். ஆனால் மருந்து தந்த ஆட்களிடம், உங்கள் மருந்து சரியில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தாழ்வுபாட்டில் அப்படிச் சொன்னால் பரியாரி அடுத்த முறை படலையைத் திறக்கமாட்டார். குறை சொன்னால் கொடுக்கிறதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதோடு, யாராவது சுகம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த பதில் ஒன்றுதான்.

அறைக் கதவு திறந்தது. பிலேந்திரன் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

“இஞ்சாரும், நீர் அவைக்கு என்ன சொன்னனீர்?”

“பரவாயில்லை எண்டனான்.”

“அதை நோர்ஸ்க்கிலை என்னெண்டு சொன்னனீர்?”

புளோறன்ஸ் துண்டின் நுனியை முறுக்கினாள். “பிறா எண்டு.”

பிலேந்திரன் கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் தலை இடிக்கும். ஆகவே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிறா எண்டால் நல்லாய் இருக்கு எண்டு அர்த்தமப்பா. பரவாயில்லை எண்டதுக்கு உவங்களிட்டை ஒரு சொல்லும் இல்லை. நீர் என்ன செய்வீர்?”

“அப்பா, உதுக்குச் சிரிக்கிறதே?” சோஃபிக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா, ஒரு சொல்லு! ‘நோகுது’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்.”

“பிள்ளை, அம்மாவைப் பேசாதை. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்.”

அவர் திட்டியிருந்தால் புளோறன்ஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதுதான் அவளைத் தின்றது. மீன் மணம் மாறாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். மூன்று தடவை. ஒரு தடவை தவறினால் தவறு எனலாம்.

அடுத்த கிழமை முழுக்கச் சோஃபி தொலைபேசியோடு போராடினாள். பிலேந்திரனின் பழைய படைப்பிரிவுக்காரர்கள் ஒரு முகநூல் குழு வைத்திருந்தார்கள். அதில் கேட்டுப் பார்த்தாள். வடக்கே ஒருவருக்கு இதே ஊசி கிடைத்திருக்கிறது. மேற்குக் கரையில் ஒருவருக்கு இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை கேட்கிற தெம்பில்லாமல் விட்டுவிட்டார். இன்னொருவர் வீட்டை அடகு வைத்துத் தன் காசில் போடுகிறார். மூன்று பேரும் ஒரே மலையில் காவல் நின்றவர்கள். யாருடைய ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

முன்னாள் படையினருக்கான அலுவலகத்தில் ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். பிலேந்திரனிடமே தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, நாட்டுக்காகச் செய்த சேவைக்கு நன்றி என்றார். மருந்து தங்கள் பொறுப்பில் வராது, அது சுகாதாரப் பக்கம் என்றார். வைகாசி எட்டாம் திகதி ஒஸ்லோக் கோட்டையில் நடக்கும் முன்னாள் படையினர் நாளுக்கு அழைப்பிதழ் அனுப்புவதாகவும் சொன்னார். சொன்னபடியே அனுப்பினார். தங்க நிற எழுத்தில் தடித்த அட்டை. வாத்திய இசை, உரைகள், உபசாரம். பாண்டு வாத்தியத்தை நினைத்த மாத்திரத்திலேயே பிலேந்திரனுக்குப் பிடரி இழுத்தது. “நல்ல மனுசன்” என்று சொல்லி அட்டையை அலுமாரியில் வைத்தார்.

பங்குனி முதற்கிழமை குடும்ப வைத்தியரிடம் போனார்கள். இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வைத்தியர் இளம் பெண். அவளும் பாவம், கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். புளோறன்ஸ் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனத்தை எழுந்து நின்றே சொன்னாள். தவறு என்னுடையது, நான் சொன்ன சொல்லை அழித்துவிடுங்கள்.

வைத்தியர் அவளை இருக்கச் சொன்னாள். ஏட்டில் ஏறியதை யாரும் அழிக்க முடியாது என்றாள். அதற்கு மேலே புதிதாக எழுதத்தான் முடியும். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் வெறும் கையோடு செய்தால் மறுபடி இதே பதில்தான் வரும். மூன்றாவது மருந்தை மறுபடி தொடங்க வேண்டும். பன்னிரண்டு கிழமை. ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுத வேண்டும்.

“கேக்காத குளிசையைத் திருப்பிப் போடட்டாமோ?” என்று புளோறன்ஸ் மகளிடம் தமிழில் கேட்டாள்.

“கேக்கேல்லை எண்டு காட்டுறதுக்காம் அம்மா.”

“தெரிஞ்சுகொண்டு?”

“ஓம் அம்மா. தெரிஞ்சுகொண்டுதான்.”

வைத்தியர் மூன்று தாள் அச்சடித்துக் கொடுத்தாள். ஒரு தாளில் இருபத்தெட்டுக் கட்டம். கடும் நோவு உள்ள நாளுக்குச் சிவப்பு, தாங்கக்கூடிய நோவுக்கு மஞ்சள், நோவில்லாத நாளுக்கு வெள்ளையாகவே விட வேண்டும். கீழே, எதனால் வந்தது என்று எழுத ஓர் இடம்: வெளிச்சம், சத்தம், மணம், நித்திரையின்மை. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது பதினைந்து சிவப்பு இருக்க வேண்டும். பதினான்கு என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் எடுப்பார்கள். இதைச் சொல்லும்போது அவள் பிலேந்திரனைப் பார்க்காமல் அச்சு இயந்திரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோஃபி சொன்னாள், “அப்பா, இருபத்தெட்டையும் சிவப்பாய்ப் போடுவம். ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“வேண்டாம் பிள்ளை. லெபனானிலை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் லொக் புத்தகம் எழுத வேணும். ஒண்டும் காணாட்டில் ஒண்டும் காணேல்லை எண்டு எழுத வேணும். ஒருத்தன் அலுப்பிலை இல்லாததை எழுதி, அதாலை ஒரு வாகனம் வேறை பாதையாலை போனது. அதுக்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லமாட்டன். நோகிறதை நோகுது எண்டு எழுதுவம். பொய் எழுதேலாது.”

“நோவுக்கு ஒரு குறைச்சலும் இல்லைத்தானே” என்றாள் புளோறன்ஸ். அப்போது அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

குளிசை தொடங்கியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். நாலாம் நாளிலிருந்து அவருக்கு வாய் உலர்ந்தது, விரல் நுனி விறைத்தது, சாப்பாடு இரும்பாக ருசித்தது. பிறகு சொற்கள் போகத் தொடங்கின. கையை நீட்டி, “அதை எடும்... அதை... சோறு அள்ளுற...” என்று நிற்பார். “அகப்பையோ?” என்றால் ஓம் என்று தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணுக்குப் பின்னால் இருந்ததோ போகவில்லை. சித்திரையில் வெயில் வந்தது. ஒஸ்லோவே சட்டையைக் கழற்றிப்போட்டுப் புல்லில் விழுந்து கிடந்தது. இவர்கள் வீட்டில் திரைக்கு மேல் போர்வையும் கட்டினார்கள். குழம்பு தாளிப்பதென்றால் புளோறன்ஸ் சட்டியோடு ஐந்தாம் மாடிக்குப் போவாள். அங்கே கம்சாயினி என்று ஒரு பிள்ளை, தரிப்பகத்தில் பிலேந்திரனோடு வேலை செய்தவள். அடுப்பைத் தந்துவிட்டு எதுவும் கேட்கமாட்டாள்.

ஒவ்வொரு மாலையும் ஆறரைக்குக் கட்டம் நிரப்புவார்கள். அவள் கேட்பாள், அவர் சொல்வார், அவள் நிறம் தீட்டுவாள்.

முதல் தாளில் பத்தொன்பது சிவப்பு. இரண்டாவதில் பதினாறு. சோஃபி இரண்டையும் படமெடுத்து வைத்தாள். பரீட்சையில் புள்ளி வாங்கியது போல அவள் முகம் மலர்ந்தது. உடனே வெட்கப்பட்டு, “மன்னிக்கோணும் அப்பா” என்றாள்.

மூன்றாவது தாள் ஆனித் தொடக்கத்தில் முடிய வேண்டும். அதில் என்னவோ மஞ்சள் கூடியது. நோவு இருக்கத்தான் செய்தது. ஆனால் எழும்பி நடமாடக்கூடிய நோவு. சிவப்பென்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. “மஞ்சள்தான்” என்பார். புளோறன்ஸ் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, “வடிவா யோசியுங்கோ” என்பாள். “யோசிச்சனான். மஞ்சள்.” இருபதாம் நாள் பத்துச் சிவப்பு. இருபத்தைந்தாம் நாள் பதின்மூன்று. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வாளியோடு கிடந்தார், பதினான்கு. சனி மஞ்சள்.

ஞாயிறு இருபத்தெட்டாம் நாள்.

புளோறன்ஸ் பதினொரு மணித் தமிழ்ப் பூசைக்குத் தனியே போனாள். குருவானவர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் மடுமாதாவோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நாள் தாயே. இன்றைக்கு மட்டும். பிறகு வாழ்நாளெல்லாம் அவருக்குத் தலை நோகக் கூடாது, ஆனால் இன்றைக்கு நோகட்டும். கேட்டுவிட்டுத்தான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. புருசனுக்கு வருத்தம் வரச் சொல்லி மன்றாடிய பெண்சாதி அந்தக் கோயிலில் அவளுக்கு முன்னால் எவளாவது இருந்திருப்பாளோ! நற்கருணை வாங்க வரிசையில் போகாமல் மர வாங்கிலேயே இருந்துவிட்டாள்.

ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் ஏதோ இரைச்சல் கேட்டது. தங்கள் வீட்டுக் கதவுக்குள்ளிருந்துதான். உள்ளே வந்து பார்த்தாள். பிலேந்திரன் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தையைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார். முகம் சவரம் செய்திருந்தார். திரைகள் ஒதுக்கப்பட்டு வீடெல்லாம் வெளிச்சம். சோஃபி மேசையில் பாணும் முட்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பாக்கு இண்டைக்கு ஒண்டுமே இல்லை!” என்று இரைச்சலுக்கு மேலால் கத்தினாள் சோஃபி. “எழும்பேக்கையே இல்லையாம். எனக்குத் தேத்தண்ணியும் போட்டுத் தந்தவர்.”

பிலேந்திரன் இயந்திரத்தை நிறுத்தினார். பழைய சிரிப்பு. நத்தாருக்கு முறுக்குப் பிழிந்த மனிதர் திரும்பி வந்து நின்றார். “ஒரு வருசத்துத் தூசி கிடக்குதப்பா, கட்டிலுக்குக் கீழை” என்றார்.

புளோறன்ஸ் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. குசினிச் சுவரில் தாள் தொங்கியது. கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

“உண்மையாவே இல்லையோ?” என்று கேட்டாள். “ஒரு சொட்டும்? கண்ணுக்குப் பின்னாலை?”

அவள் குரல் அவளுக்கே கேட்டது. சுகம் விசாரிக்கிற குரல் அல்ல அது. பேருந்தைத் தவறவிட்டவள் அடுத்தது எப்போது என்று கேட்கிற குரல். சோஃபி திரும்பித் தாளைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த தட்டு மேசைக்கு வரவில்லை. பிலேந்திரன் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

“இல்லையப்பா” என்றார். “மன்னிச்சுக்கொள்ளும்.”

சோஃபி தட்டை மேசையில் வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “ஒரு கட்டம்தானே அப்பா. ஒரே ஒரு கட்டம். நான் போடுறன், நீங்கள் பாக்கவேண்டாம்” என்றாள்.

“பொய் எழுதேலாது எண்டு சொன்னனான்.”

“பன்னிரண்டு கிழமை அப்பா! திருப்பி முதல்லையிருந்தோ?”

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று இருபது. கட்டம் நிரப்புவதற்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. இயந்திரத்தின் வயரைச் சுற்றி ஓரமாக வைத்தார். பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், பிளாஸ்டிக் கதிரையைத் தெற்குப் பக்கம் பார்க்க இழுத்துப் போட்டார். அங்கேதான் ஆனி மாதத்து வெயில் முன்கட்டடத்துக் கண்ணாடிகளில் பட்டு இரட்டிப்பாக அடித்தது. சட்டைப் பையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தை நேரே வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அம்மா” என்றாள் சோஃபி. “அம்மா, அப்பாவைக் கூப்பிடுங்கோ.”

புளோறன்ஸ் பல்கனிக் கதவு வரைக்கும் போனாள். அவர் இமையை வெட்டாமல் இருக்கப் பாடுபடுவது பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது. கழுத்து நரம்பு விறைத்திருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். கூப்பிடவில்லை.